லயத்து அடுப்பும் புகைக்கொட்டகையும்



நம் நாட்டுக் கித்தாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளைப் பற்றியும், அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டதைப் பற்றியும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரப்பர் விலை ஏறியதும், 1930களின் தொடக்கத்தில் அது அதலபாதாளத்தில் விழுந்ததும் பள்ளிப் புத்தகங்களில்கூட இருக்கின்றன. ஆனால் பெரட்டுக்குப் பேர் போடுவதற்கு முன்பே, விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் வேலை தொடங்கிவிடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் லயத்து வீட்டின் அடுப்படி. அங்கிருந்த விறகடுப்பை நாள்தோறும் துப்புரவு செய்து, வெடித்தால் பூசி, தேய்ந்தால் கட்டிக் காப்பாற்றி வந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. செக்ரோலில் பெயரும் கிடையாது.

கங்காணி முறையில் கப்பலேறி வந்தவர்கள் பித்தளைச் செம்பையும் அம்மிக்குழவியையும் தூக்கி வந்திருக்கலாம். மண் அடுப்பை யாரும் தூக்கி வர முடியாது. அதைப் போடும் கைப்பழக்கம்தான் கூட வந்தது. வந்த இடத்தில் கிடைத்த மண்ணைப் பார்த்து, பிசைந்து, உருட்டி, காயவைத்து அடுப்பு போட்டார்கள். முதலில் மூன்று கற்கள். பிறகு மூன்று பக்கமும் சுவர் வைத்து, மேலே மூன்று குமிழ்கள் வைத்த மண் அடுப்பு. குடும்பம் பெருகியதும் பக்கத்தில் இன்னொரு வாய் வைத்த கொடியடுப்பு. ஒரே நெருப்பு முன்வாயில் சோற்றுப் பானையைக் கொதிக்க வைக்க, உள்ளே இருக்கும் சிறு வழியாகப் போகும் சூடு பக்கத்து வாயில் குழம்பைச் சூடாக வைத்திருக்கும். விறகை மிச்சப்படுத்த நம் பாட்டிமார் கண்ட வழி இது. இதைப் பொறியியல் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நாம் அப்படித்தான் சொல்லுவோம்.

மண் சேர்ப்பதில் ஒரு கணக்கு இருந்தது. வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் கூடினால் உதிரும். ஆகவே செம்மண்ணோடு கறையான் புற்றுமண்ணைச் சேர்த்து, கொஞ்சம் மணலும் போடுவார்கள். ஊரில் உமியையும் வைக்கோலையும் கலப்பது வழக்கம். கித்தாத் தோட்டத்தில் நெல் வயல் ஏது? அங்கே லாலான் புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டார்கள். தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டார்கள். மாடு வளர்த்தவர்களிடம் சாணம் வாங்கிக் கலந்தார்கள். நார் மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடுப்பு எரிய எரிய உள்ளே இருக்கும் நார் கருகி, அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகும். அந்தத் துளைகளில் இருக்கும் காற்று சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். இந்தக் காரணத்தை அவர்கள் சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார்கள்.

துப்புரவு வேலை காலையில் சாம்பல் அள்ளுவதில் தொடங்கும். அடுப்பில் சாம்பல் நிறைந்துவிட்டால் விறகுக்கு அடியில் காற்றுப் போக இடம் இருக்காது. விறகு எரிவதற்குப் பதிலாகப் புகையும். ஆனால் சாம்பலை முழுதும் வழித்து எடுப்பதும் சரியில்லை. அடியில் ஒரு விரற்கடை அளவு விட்டு வைத்தால் கங்கு அணையாமல் இருக்கும். அடுப்பின் தரையும் வெடிக்காது. அள்ளிய சாம்பல் வீணாகாது. தேங்காய் நாரோடு சேர்ந்து பாத்திரம் துலக்கும்; கத்தரிச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் எருவாகும்.

கொடியடுப்பில் மறந்துவிடக் கூடாத இடம் இரண்டு வாய்க்கும் நடுவே போகும் அந்தச் சிறு வழி. அதில் சாம்பலும் கரியும் அடைத்துக்கொண்டால் பக்கத்துப் பானைக்குச் சூடு போகாது. போக வழியில்லாத புகை, விறகு வைக்கும் வாய் வழியாகவே திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். வாரம் ஒரு முறை வளைந்த கம்பியையோ ஈர்க்குக் கட்டையோ விட்டு அதைக் குடைந்து எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகிக் கோலம் போடுவது பக்தி மட்டுந்தானா? சாணமும் மண்ணும் கரைத்து மெழுகும்போது மயிரிழை போன்ற வெடிப்புகள் அன்றன்றே அடைபட்டுவிடும். வாரம் ஒரு தடவை ஒவ்வோர் அங்குலத்தையும் கை தடவிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். பழுதைப் பெரிதாகும் முன்பே கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது.

பெரிய வெடிப்பு விழுந்தால் வேறு முறை. காய்ந்த மண்மேல் ஈர மண்ணை அப்படியே அப்பினால் இரண்டு நாளில் பெயர்ந்து விழும். வெடிப்பைக் கத்தி முனையால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து நனைய விட்டு, கூழ்போல் கரைத்த மண்ணை முதலில் தடவி, அதற்குமேல் கெட்டியான மண்ணை வைத்து அழுத்துவார்கள். அடுப்பு நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து மறுபடியும் வெடிக்கும். பிறகு இரண்டு மூன்று சுள்ளிகளை மட்டும் போட்டுச் சிறு நெருப்பு மூட்டி ஆறவிட வேண்டும். குமிழ்கள் தேய்ந்திருந்தால் அவற்றையும் உயர்த்தியாக வேண்டும். குமிழ் தேய்ந்தால் பானை அடுப்பின் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்துவிடும். சுடர் வெளிவர இடமில்லாமல் புகை மூளும். அதற்காகக் குமிழை மிக உயரமாக வைத்தால் சூடெல்லாம் பக்கவாட்டில் வீணாகும். சரியான அளவை அறிய அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு விரலைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி அடுப்பு இருந்த இடத்தைப் பார்ப்போம். பழைய லயங்கள் நீளமான கட்டடங்கள். ஒரு குடும்பத்துக்குச் சிறிய அறை ஒன்று. முன்னால் ஒரு தாழ்வாரம். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய லயங்களும் உண்டு. சமைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்காத லயங்களில் தாழ்வாரத்திலோ, தூக்கிக் கட்டிய தரைக்கு அடியிலோ அடுப்பு எரிந்தது. பிற்காலத்தில் கட்டிய வீடுகளில் பின்பக்கம் சமையற்கட்டு வந்தது. கூரை தகரம், அதற்கடியில் புகை தேங்கிக் கரி படிந்து கருநூலாகத் தொங்கும். அந்த ஒட்டடையை அடிக்காமல் விட்டால் ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கும். போகிக்கு முந்தின வாரம் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை நீளக் கழியில் கட்டி ஒட்டடை அடிப்பதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

விறகு எது? பெரும்பாலும் கித்தா மரந்தான். காய்ந்து விழுந்த கிளைகளைப் பெண்களும் பிள்ளைகளும் வேலை முடிந்து திரும்பும்போது கட்டித் தலையில் தூக்கி வருவார்கள். நெருப்பு சட்டென்று பற்ற ஒட்டுப்பாலில் ஒரு துண்டைக் கிள்ளி வைப்பதும் உண்டு. அது எரிந்தால் கரும்புகை; பானையின் அடியிலும் சுவரிலும் பிசுபிசுவென்று கரி பிடிக்கும். தோட்டத்துப் பாலை அடுப்பில் வைப்பதைக் கிராணி பார்த்தால் வேறு வம்பு!

அதே கித்தா விறகு தோட்டத்தில் இன்னோர் இடத்திலும் எரிந்தது. பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த புகைக்கொட்டகையைச் சொல்லுகிறோம். உறைய வைத்து, மெஷினில் அழுத்தி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஏறக்குறைய 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு வைத்து, பல நாள்கள் புகை காட்டுவார்கள். சூடு ஷீட்டின் ஈரத்தை எடுக்கும். புகையில் இருக்கும் சில பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கும். சூடு அதிகமானால் ஷீட்டில் கொப்புளம் எழும். கரித்தூள் ஒட்டினால் தரம் குறையும். தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை பிரிக்கப்பட்டது. ஒரு தரம் இறங்கினால் கம்பெனிக்கு நட்டம். ஆகவே வெப்பமானி மாட்டி, காற்றுப் போக்கிகளைத் திறந்து மூடி, புகைவழிகளில் படிந்த கரியைச் சுரண்டி, சாம்பலை வாரி, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தார்கள். ஷீட்டுக்கு எத்தனை புகை வேண்டும், எத்தனை கூடாது என்பதற்குக் கணக்கு இருந்தது. 1925ஆம் ஆண்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்ட பிறகு புகைக்கொட்டகையை எப்படிக் கட்டுவது, உலையை எங்கே வைப்பது என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாயின.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துச் சமையற்கட்டில், அதே மரத்தின் புகையில் ஒரு தாய் குனிந்து உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை இருந்திருக்கும். அந்தப் புகையை அளக்க யாரும் வெப்பமானி கொண்டு வரவில்லை. புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பு துரை பங்களாவில் இருந்தது, லயத்தில் பெரும்பாலும் இருந்ததில்லை. இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. எதற்கு விலை இருந்ததோ அதற்கு அளவும் கவனிப்பும் இருந்தன என்பதைச் சொல்லுகிறோம்.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். அரிசி அருகிப் போய், அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. இரவில் பெரிய கட்டையைச் சாம்பலில் புதைத்து வைத்து, காலையில் ஊதி எழுப்பும் பழைய வித்தை அப்போது உயிர்நிலை ஆயிற்று. ஒரு வீட்டில் கங்கு அணைந்தால் பக்கத்து வீட்டில் கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வருவார்கள். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களைக் கொண்டு போன வீடுகளில் அந்த நெருப்பைக் காத்தவர்கள் பெண்களே. அடுத்து 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் விறகு பொறுக்கப் போவதும் அபாயமான வேலையாயிற்று. ஊரடங்கு நேரம், கம்பிவேலி, சோதனை. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க, 1950களின் நடுப்பகுதியில் சில வட்டாரங்களில் அரிசியை வீட்டில் பொங்கவே விடாமல், பொதுச் சமையற்கூடத்தில் பொங்கி வழங்கும் ஏற்பாடும் இருந்தது. அங்கெல்லாம் அடுப்பு இருந்தும் அதில் உலை ஏறவில்லை.

அதே காலத்தில் விறகு மலிந்த கதையும் உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட மரங்கள் கிழடுதட்டிவிட்டன. கித்தா மரம் நன்றாகப் பால் தருவது இருபத்தைந்து முப்பது ஆண்டுகள்தான். 1952ஆம் ஆண்டில் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. பழைய மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. லயத்துப் பின்புறமெல்லாம் விறகு அடுக்கு உயர்ந்தது. ஆனால் வெட்டிய உடனே எரிக்க முடியாது. பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும் தண்ணீர்தான். நெருப்பின் சக்தியெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். சுடர் குளிர்ந்து புகை பெருகும். விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே தகரம் மூடி, பக்கவாட்டில் காற்றோட்டம் விட்டுக் காயவைத்த வீட்டில் புகை பாதியாகக் குறைந்ததை அனுபவத்தில் கண்டவர்கள் பலர். அடுப்பைப் பழுது பார்ப்பதில் விறகைப் பழுது பார்ப்பதும் ஒரு பகுதி.

பிறகு காலம் மாறியது. 1965ஆம் ஆண்டில் தரநிர்ணய மலேசிய ரப்பர் முறை வந்து, கட்டி ரப்பர் உற்பத்தி பெருகவே, புகைக்கொட்டகைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. லயத்தில் திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் கேஸ் அடுப்பும் வந்தன. விறகாக மட்டுமே கருதிய கித்தா மரத்துக்கும் யோகம் அடித்தது. பிறையில் 1967ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, இரும்பை உருக்கக் கித்தா மரக்கரியைப் பயன்படுத்தியது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும் இந்த மரத்தை, மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தினால் மேசை நாற்காலி செய்யலாம் என்று கண்டபின், 1980களில் அது ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. சும்மா கிடைத்த விறகுக்கு விலை வந்தது. பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனையும் வந்தது. செம்பனை மட்டை நல்ல விறகா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்கள்!

புகையை அளக்க யாருமே முன்வரவில்லையா என்று கேட்கலாம். நம் அடுப்பு பிறந்த நாட்டிலேயே முன்வந்தார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர், புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை அமைத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையற்கட்டு வேண்டும் என்று 1953ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்; அது சென்னையில் அச்சானது. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் இந்திய ஆய்வாளர்களுடன் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். ஷீட்டுக்குக் கிடைத்த அளவுகோல் தாய்க்குக் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம் போன்றவற்றின் புகையால் உயிரிழந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. “பாட்டிக்கு எப்போதும் இருமல்தான்” என்று நாம் சாதாரணமாகச் சொல்லி வந்த இருமலுக்குக் காரணம் வயது மட்டுமாக இருந்திருக்காது.

இந்திய அரசு 1983ஆம் ஆண்டில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002ஆம் ஆண்டு வரை கோடிக்கணக்கில் அடுப்புகளை வழங்கியது. அவற்றில் பல, சில ஆண்டுகளில் மூலையில் கிடந்தன. ஏன் என்பதை ஒரிசாவில் நடந்த ஓர் ஆய்வு நன்றாக விளக்குகிறது. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் 44 கிராமங்களில், 2,600க்கும் மேற்பட்ட குடும்பங்களில், புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் பெண்கள் உட்கொள்ளும் புகை குறைந்தது. போகப்போக அந்த நன்மை மறைந்துவிட்டது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தவில்லை, புகைபோக்கியைத் துப்புரவு செய்யவில்லை, பழுது பார்க்கவில்லை. இதற்கு அந்தப் பெண்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் பழைய அடுப்பின் பழுதை அவர்கள் பாட்டியிடம் கற்றார்கள். கூரைக்கு மேலே நீட்டிய குழாயில் கரி அடைத்தால் யார் ஏறுவது, எதைக் கொண்டு தள்ளுவது, உடைந்தால் புதுக் குழாய்க்கு யார் காசு கொடுப்பது? அடுப்பைக் கொடுத்தவர்கள் இந்தக் கேள்விகளுக்கும் விடை வைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. புகைக்கொட்டகையில் கரி சுரண்ட ஆளும் சம்பளமும் இருந்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இன்று நம் வீடுகளில் விறகடுப்பு பொங்கலுக்கும், திருவிழாச் சமையலுக்கும், வெந்நீர் போடுவதற்கும் மட்டுமே எரிகிறது. சில தோட்டப்புறங்களில் மூத்தவர்கள் இன்னும் கறிக்குழம்பை அதில்தான் வைப்பார்கள்; ருசிக்காக என்பார்கள். நெடுநாள் எரியாமல் கிடந்த பழைய மண் அடுப்பை எடுப்பதானால், முதலில் அதைத் தடியால் தட்டிப் பாருங்கள். தேளோ பூரானோ குடியிருக்கும். பழைய சாம்பல் ஈரம் குடித்து இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுங்கள். கொடியடுப்பானால் நடுவழியைக் குடையுங்கள். வெடிப்பைப் பூசிய பிறகு குறைந்தது மூன்று நாளாவது நிழலில் காயவிடுங்கள். பொங்கல் காலையில் பூசி அன்றைக்கே பெருநெருப்பு வைத்தால், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பூச்சு பெயர்ந்து விழும், பானையும் சாயும். அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காமல், காற்று வரும் பக்கத்துக்கு வாய் இருக்கும்படி வெளியே கூரைக்கடியில் வையுங்கள். விறகைத் திணிக்காமல் இரண்டு மூன்று கட்டையாக, நுனி மட்டும் எரியும்படி தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒட்டுப்பால் வேண்டாம், காய்ந்த தென்னம்பாளை போதும்.